ஒட்டாத நெய்

பெற்ற பிள்ளையிடம் தாய்க்கு அருவருப்பு வராது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு வந்தது. மகனுக்கு அப்போது ஒரு வயது கூட ஆகவில்லை. டயபரைப் பிரித்தால் மலம் வெளிறிப்போய், எண்ணெய் ஊற்றியது போல் பளபளக்கும். கெட்டுப்போன வெண்ணெயின் வீச்சம் எங்கள் கடலூர் வீடு முழுக்கப் பரவும். சோப்புப் போட்டுத் தேய்த்த கையால் சோறு அள்ளினாலும் குமட்டும். சீ, என்ன பிழைப்பு இது என்று அழுதிருக்கிறேன்.

பிள்ளைக்கு எடையும் ஏறவில்லை. வயிறு மட்டும் உப்பி, கைகால் குச்சி குச்சியாக இருந்தது.

"ஒம் பால்லதான் ஏதோ கோளாறு. எங்க வூட்ல இப்புடி ஒண்ணு பொறந்ததே இல்ல" என்றாள் என் நாத்தனார். அவள் என் அத்தை மகள். அவளுடைய தம்பியைத்தான் நான் கட்டியிருக்கிறேன். இதில் எங்க வீடு என்ன, ஒங்க வீடு என்ன?

சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மா எல்லாப் பரிசோதனையும் முடித்துவிட்டு, "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார். பிறகு என் கணவரிடம், "தேவனாம்பட்டினத்துல மீன் எறங்குறத பாத்திருப்பீங்க. படகு வந்தாச்சு, கூடையும் இருக்கு. அள்ளிப் போட ஆளில்லன்னா?" என்றார்.

"அழுவிப் போயிடும்."

குடலின் செல்லுக்குள் கொழுப்பை அள்ளிக் கொடுத்து, ரத்தத்தில் போகும்படி சின்ன உருண்டையாகக் கட்ட உதவும் புரதம் ஒன்று இருக்கிறதாம். என் மகனிடம் அது வேலை செய்யவில்லை. குறையுள்ள ஜீனை ஆளுக்கொன்றாக நாங்கள் இருவருமே கொடுத்திருக்கிறோம். கொழுப்பு செல்லிலேயே தேங்குகிறது, மிச்சம் மலத்தில் போகிறது. கொழுப்போடு சேர வேண்டிய விட்டமின்களும் உடம்பில் சேரவில்லை. கவனிக்காமல் விட்டால் கண் மங்கும், நடை தள்ளாடும். நெய், வெண்ணெய், முழுப்பால் எதுவும் கூடாது என்றார்.

சொன்னபடி செய்தோம், விட்டமின் சொட்டு மருந்தும் கொடுத்தோம். நாற்றம் அடங்கியது, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

ஒருநாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், அதே வீச்சம். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனாரின் மடியில் பிள்ளை இருந்தான்.

"என்ன குடுத்தீங்க அண்ணி?"

"நாலு நாளா பருப்பு சோத்துல கொஞ்சூண்டு நெய் போட்டேன், அவ்ளோதான். எலும்பும் தோலுமா கெடக்குறான், பாக்க சகிக்கல."

டயபரைக் கழற்றி அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். "இந்தாங்க ஒங்க நெய்! ஊட்டுனது அப்புடியே வந்திருக்குது. எம் புள்ளைக்கு ஒரு பொட்டு கூட ஒட்டல. நல்லா மோந்து பாருங்க!"

முந்தானையால் மூக்கைப் பொத்துவாள் என்று நினைத்தேன். பொத்தவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"எம் மொத புள்ளைக்கும் இதே வாடதான்டி" என்றாள். "நெய் பத்தலன்னு நெனச்சு கரண்டி கரண்டியா ஊட்டுனேன்."

அவளும் சொந்தத்தில் கட்டியவள். அந்தக் குழந்தை பேதியில் போனதாகத்தான் எங்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள்.

அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. கையில் நாறும் டயபர் இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை.