அறுபத்து நான்கு சதவீதம்

4.3.1994: கிணற்று நீரில் பூச்சிமருந்து, 0.08
7.3.1994: சுத்த நீரில் மீட்பு, 96 சதவீதம்
9.3.1994: கிணற்று நீரில் மீட்பு, 64 சதவீதம்
அனுமதித்த அளவு, 0.10

அளவுகள் லிட்டருக்கு மைக்ரோகிராமில். கணக்கு என் மனைவியுடையது. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள், திரவங்களைப் பிரிக்கும் கண்ணாடிப் பிரிபுனலைக் குலுக்கியவள். குலுக்கும்போது உள்ளே சேரும் ஆவியை அவ்வப்போது திறந்துவிட வேண்டும். அந்தப் பழக்கத்தில், வீட்டில் சோடா பாட்டிலைக்கூட யார் முகத்துக்கும் நேரே திறக்கமாட்டாள்.

அந்தக் கிணறு அவளுடைய தம்பியின் ஐஸ் கம்பெனிக் கிணறு.

தண்ணீரில் கரைப்பானைச் சேர்த்துக் குலுக்கினால், மருந்து கரைப்பானுக்குள் ஏறும். அதைப் பிரித்து அளப்பார்கள். முழுவதும் ஏறாது. அதனால் தெரிந்த அளவு மருந்தைக் கலந்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பார்கள். அதுதான் மீட்பு. கூடத்து வழக்கப்படி அதைச் சுத்த நீரில் செய்தாள். 0.08ஐ 0.96ஆல் வகுத்தால் 0.083. கிணறு தப்பியது.

ஆனால் கிணற்று நீரைக் குலுக்கியபோது இரண்டு அடுக்குக்கும் நடுவே நுரை கட்டி நின்றதைப் பார்த்திருந்தாள். சுத்த நீரில் அது வரவில்லை. எனவே கிணற்று நீரிலேயே 0.50 கலந்தாள். 0.40 கிடைத்தது. ஏற்கெனவே கிடைத்த 0.08ஐக் கழித்தால் 0.32, மீட்பு 64 சதவீதம். 0.08ஐ 0.64ஆல் வகுத்தால் 0.125, அனுமதித்த அளவுக்கு மேல். தம்பியின் கிணறு என்பதால் உடன் வேலை செய்தவரையும் செய்து பார்க்கச் சொன்னாள். அவருக்கும் அதுவே வந்தது.

அறிக்கை போனதும் அவளே தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னாள். மாலையில் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“மெஷினே பாயிண்ட் ஜீரோ எட்டுன்னு சொல்லுது. நீ என்னக்கா மேல போட்டுக் கொடுக்கற? காய்கறிக் கடையா நடத்தற?”

“மெஷினுக்குப் போய்ச் சேர்ந்ததைத்தான் அது சொல்லும். நுரையில மாட்டினது அதுக்குத் தெரியாதுடா.”

“முதல் கணக்கையே அனுப்பியிருந்தா யாரு கேக்கப் போறா?”

“யாரும் கேக்க மாட்டாங்க. ஐஸை வாயில போடற குழந்தையும் கேக்காது.”

“மாமா, நீங்களாவது சொல்லுங்க. ஐஸை விட்டா எனக்கு வேற தொழில் தெரியாது.”

“உங்க அக்கா எழுதினதை அழிக்கச் சொல்ல எனக்கு ஏது மாப்பிள்ளை தைரியம்?” என்றேன். அவன் சிரிக்கவில்லை.

கிணற்றை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. இயந்திரங்களை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போனான். அங்கிருந்து எனக்கு மட்டும் எழுதுவான். அவளைத் தவிர எல்லோரையும் விசாரிப்பான். அவள் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கானாமா?” என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

கடைசிக் கடிதம் அவள் பெயருக்கு வந்தது. “அக்கா, மறுபடி ஐஸ் போடப் போறேன். இடம் பாத்தாச்சு, முன்பணம் இன்னும் கொடுக்கல. தண்ணி எடுத்துட்டு வரேன். நீ சரின்னு சொன்னாத்தான் கொடுப்பேன்.” அதன்பின் அவன் எழுதவில்லை, நேரிலேயே வந்துபோகத் தொடங்கிவிட்டான். கடிதம் வந்த தேதி 17.8.1996.