ஓடெல் டார்வரின் ஐஸ்

ஓடெல் டார்வருக்கு எங்கள் ஊரில் இருந்த மரியாதை ஐஸால் வந்தது. தெற்கு அலபாமாவில் ஒரு ஜூலை மாதத்தைக் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிக்சன் ஃபெரியில் நாங்கள் ஐஸை மெல்லுகிறவர்கள். கண்ணாடிச் சில்லு போலப் பல்லை உடைக்கும் சதுரக் கட்டிகளை இங்கே யாரும் சீந்துவதில்லை. வாயில் வைத்தால் பொரி போல நொறுங்க வேண்டும், நாங்கள் குளிரக் குடிக்கும் தேநீரின் இனிப்பைக் குடித்து ஊறியிருக்க வேண்டும். அதுதான் எங்களுக்கு ஐஸ்.

காப்பீடு விற்று ஓய்வு பெற்றிருந்த ஓடெல், அந்த வகை ஐஸைச் செய்யும் மெஷின் ஒன்றைத் தருவித்துச் சமையலறை மேடையில் வைத்தார். அதுவரை அவர் சொல்வதைக் கேட்க ஆளில்லை. அதற்குப் பிறகு எல்லாவற்றைப் பற்றியும் அவருக்குக் கருத்து உண்டானது. ஐஸ் வாங்கப் போனவர்கள் பெட்டி நிறையும்வரை நின்று கேட்டாக வேண்டும். துக்க வீட்டுக்கு மற்றவர்கள் பொரித்த கோழி கொண்டு போனார்கள். இவர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, செத்தவரைவிட முக்கியமானவர் வந்துவிட்டார் என்பது போல உள்ளே நுழைந்தார். மனிதனுக்குப் பெருமை வேண்டும் என்றால் அதற்கு ஒரு காரணம்கூடத் தேவையில்லை, ஒரு பிளக் பாயிண்ட் போதும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவருக்கு எதிர்வீடு என்னுடையது என்பதால் நினைக்க நிறைய நேரம் கிடைத்தது.

அந்த வருடம் எங்கள் பாப்டிஸ்டு சபையில் டீக்கன் என்ற பொறுப்பாளர் இடம் ஒன்று காலியானது. ஓடெல் அதற்கு ஆசைப்பட்டார். ஆசை என்பது சின்னச் சொல். ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கன்கள் காணிக்கைத் தட்டோடு நடந்து வரும்போது அவர் கால்கள் பெஞ்சுக்கு அடியில் தாளம் போடும். வெளியூர் போன குடும்பங்கள் எல்லாம் திரும்பி வந்து கூடும் ஆகஸ்டு ஞாயிறன்று, மரத்தடி விருந்து முடிந்த பிறகு, சாயங்காலம் வாக்குச்சீட்டு. விருந்துக்கு டீயும் ஐஸும் வழக்கம்போல டார்வர் வீட்டுப் பொறுப்பு. அதை முடித்துக் கொடுத்துவிட்டால் இடம் தனக்குத்தான் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

விருந்துக்கு முந்தின வாரம் மெஷின் கத்தத் தொடங்கியது.

நான் போனபோது மெஷின் அடிபட்ட பன்றி போலக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் தண்ணீர் இல்லை என்று சிவப்பு விளக்கு மினுக்கியது. கூடையில் விழுந்த ஐஸ் நொய்யரிசி போலப் பொடிந்து, ஈரமாக, லேசாகத் துருவாடை அடித்தது. அந்த மெஷினின் உள்ளே குளிர்ந்த குழாய் ஒன்றும் அதற்குள் சுற்றும் திருகு ஒன்றும் இருக்கின்றன. குழாய்ச் சுவரில் உறையும் தண்ணீரைத் திருகு சுரண்டி மேலே தள்ள வேண்டும். சுவரில் உப்புக்கறை படிந்தால் திருகு அதில் உரசிக் கத்தும். கொஞ்சம் யோசித்தால் யாருக்கும் புரியக்கூடியதுதான். ஆனால் ஓடெல் தன் தாத்தா போட்ட போர்வெல் தண்ணீரைத் தவிர வேறு எதையும் அதில் ஊற்றியதில்லை. அந்தத் தண்ணீர் வெள்ளைச் சட்டையைக் காவியாக்கும். அதைக் குடித்து வளர்ந்ததை எங்கள் ஊரில் பட்டம் வாங்கியது போலச் சொல்லிக்கொள்வார்கள்.

"தொட்டியத் தொட்டுப் பாரு, ஓடெல்," என்றார் அவர் மனைவி நாடீன். "பாசி புடிச்சு வழுக்குது. வாராவாரம் கழுவணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. நீ வாங்கினதுலேருந்து ஒரு தடவகூடக் கழுவல."

"ஐஸுல எந்தக் கிருமி உசுரோட இருக்கும்? அது தானே சுத்தம் பண்ணிக்கும்."

"அப்ப நாளையிலேருந்து உன் பனியன ஃப்ரீசர்ல போடறேன். துவைக்கிற வேலை மிச்சம்."

"தண்ணிய குறை சொல்லாத. எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் இத குடிச்சாரு."

"உங்க தாத்தாவுக்குத் திருகு இல்லையே."

அவர் மெஷினின் தலையில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். வெப்பம் வெளியேறும் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, அடுப்புக்கு அருகில் அதை வைத்திருந்தார். அது மூச்சுத் திணறியதில் வியப்பில்லை. அறிவில்லாதவனைக்கூட மன்னிக்கலாம். அறிவு மேஜை மேல் அச்சடித்துக் கிடக்க, அதன் மேல் காபிக் கோப்பையை வைக்கிறவனை என்ன செய்வது?

அடுத்து மெஷின் நிறுவனத்துக்குப் போன் போட்டார். ஏற்கெனவே இரண்டு மெஷின்களை இதே மாதிரி கொன்று, உத்தரவாதத்தில் மாற்றி வாங்கியவர். இந்த முறை எடுத்த பெண் கறாரானவள். அவள் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது.

"சார், என்ன தண்ணி ஊத்தறீங்க?"

"காய்ச்சி வடிச்ச தண்ணிம்மா. பாட்டில்ல வாங்கறது."

நாடீன் கூரையைப் பார்த்தார்.

"சரி சார். வினிகரும் தண்ணியும் கலந்து ஊத்திக் கழுவுற பட்டனை அழுத்துங்க. அப்புறம் பின்னாடி மூடியத் திறந்து முழுசா வடிச்சிடுங்க. வெறும் தண்ணில மூணு நாலு தடவ அலசுங்க. மொதல்ல வர்ற ஐஸ கீழ கொட்டிடணும். அதுக்கப்புறமும் கத்துச்சுன்னா கூப்பிடுங்க, பார்க்கலாம்."

போனை வைத்ததும் ஓடெல் சிரித்தார். "ஐஸ கீழ கொட்டணுமாம்! கேட்டீங்களா? இந்த வெயில்ல ஐஸ கொட்டச் சொல்றவ வடக்கத்திக்காரியாத்தான் இருப்பா."

சனிக்கிழமை காலை வினிகரை ஊற்றினார். ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும்: கழுவும் பட்டனை அழுத்தினார். கறை கரைந்தது, கத்தல் நின்றது, சிவப்பு விளக்கு அணைந்தது. அத்தோடு அவர் பொறுமையும் தீர்ந்தது. மூடி பின்பக்கம் இருந்தது. வடிக்க வேண்டுமானால் மெஷினை நகர்த்த வேண்டும், குனிய வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. இருந்த வினிகர்த் தண்ணீரின் மேலேயே போர்த் தண்ணீரை ஊற்றி ஐஸ் பட்டனை அழுத்தினார். உருண்டை உருண்டையாக, வெள்ளை வெளேரென்று ஐஸ் விழுந்தது. பார்க்க அவ்வளவு அழகு.

"வினிகர் வாட அடிக்குது, ஓடெல்," என்றார் நாடீன்.

"அது ரூம்ல அடிக்கிற வாசன. உறைஞ்சா போயிடும்."

"ஒண்ண வாயில போட்டுத்தான் பாரேன்."

"நாளைக்கு நூறு பேரு போடுவாங்க."

போட்டார்கள். எங்கள் சபை விருந்தில் ஒரு வழக்கம்: மேஜையில் இருப்பது எதுவானாலும், செய்தவர் காதில் விழும்படி புகழ வேண்டும். கருகிய கோழிக்கும் புகழ் உண்டு, வேகாத பீன்ஸுக்கும் உண்டு. அதனால் நாடீனின் சர்க்கரைத் தேநீரில் ஊறுகாய்ப் புளிப்பு ஏறியிருந்த அந்த மத்தியானம், நாகரிகம் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் கோழைத்தனத்தை முழு அளவில் பார்த்தேன். போதகர் கோய் ஹெம்ப்ரீ ஒரு வாய் குடித்தார். கண்ணில் நீர் நின்றது. "பிரதர் ஓடெல்," என்றார், "இந்த ஐஸுக்கு ஈடே இல்ல."

ஆர்கன் வாசிக்கும் விலோடீன் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "தொண்டைக்கு என்ன இதமா இருக்கு!" என்று சொல்லிவிட்டு ஓக் மரத்தின் வேரில் ஊற்றினாள். ஒரு சின்னப் பெண் துப்பினாள். அவள் அம்மா தொடையில் கிள்ளி, "நல்லா இருக்குன்னு சொல்லுடி," என்றாள். குழந்தை அழுதுகொண்டே நல்லா இருக்கு என்றது. அந்தக் கூட்டத்தில் துப்பியது அவள் ஒருத்திதான். அவளையும் சாயங்காலத்துக்குள் எங்களைப் போல ஆக்கிவிட்டார்கள்.

ஓடெல் மேஜைக்கு மேஜை பெட்டியோடு நடந்தார். "இன்னும் ரெண்டு உருண்டை போடட்டுமா?" வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர் மட்டும் குடிக்கவில்லை. பரிமாறும் மும்முரத்தில் நேரமில்லை. முதுகு திரும்பியதும், "பாவம், நல்ல மனுஷன்," என்றார்கள். எங்கள் ஊரில் அதைவிடக் கெட்ட வசவு கிடையாது. அது ஓடெலுக்கும் தெரியும். மற்றவர்களைப் பற்றி அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். தன்னைப் பற்றிக் கேட்டபோது பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் வாக்குச்சீட்டு மடிக்கப்பட்டது. நேரில் சொல்லாத உண்மையை எல்லாம் நாங்கள் மடித்த தாளுக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். கல்லறைத் தோட்டத்துப் புல்லை வெட்டும் ரஸ்டன் மேப்ரியை டீக்கனாக அறிவித்தார் போதகர். பேசாதவர் என்பதைத் தவிர ரஸ்டனிடம் எந்தச் சிறப்பையும் நான் கண்டதில்லை. ஓடெல் முதல் ஆளாகக் கை தட்டினார். கடைசியாக நிறுத்தியவரும் அவர்தான்.

காலிப் பெட்டிகளை அவர் வீட்டுக்குள் வைக்க நான் கூடப் போனேன். சமையலறையில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "எனக்குப் புரியல, நாடீன். அத்தன பேரும் டீய அப்படிப் புகழ்ந்தாங்களே. எந்தப் பய குழி பறிச்சான்?"

நாடீன் டீ மிஞ்சியிருந்த ஜாடியிலிருந்து ஒரு கோப்பை ஊற்றினார். மெஷினின் கூடையிலிருந்து ஒரு கரண்டி ஐஸை அள்ளி அதில் போட்டு, ஓடெலின் முன்னால் வைத்தார்.

அவர் ஒரே மூச்சில் பாதி குடித்தார். முகம் ஒரு நொடி கோணியது. கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு மெஷினைப் பார்த்தார். இப்போது தப்பை ஒப்புக்கொண்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரைப் பற்றி அப்படி ஒரு நல்ல எண்ணம் எனக்கு வந்தது அந்த ஒரு நொடிதான்.

"சர்க்கர பத்தல," என்றார் ஓடெல். "அங்கதான் கோட்ட விட்டிருக்க, நாடீன். அடுத்த வருஷம் டீயையும் நானே போடறேன்."

"போடு," என்றார் நாடீன். ஜாடியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, என்னிடம் சொல்லிக்கொண்டு படுக்கப் போனார்.