தோற்ற அணியின் வெற்றிப் பனியன்

என் ஞாபகசக்தியை நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது. ஓர் அமெரிக்கக் கால்பந்து அணியின் அத்தனை வருட வெற்றி தோல்விகளும் எனக்கு மனப்பாடம். அவர்கள் லண்டனில் விளையாடிய அன்று, ஆட்டம் பார்க்க நான் போன ரயிலில் ஹரோவில் ஏறிய தமிழர் ஒருவரின் நைந்த பனியனில் அந்த அணியின் பெயரும் ‘சாம்பியன்’ என்ற சொல்லும் ஒரு வருடமும் இருந்தன.

“அண்ணை, அந்த வருசம் ஃபைனல்ல தோத்தவங்கள். உங்களை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்!” பெட்டியே திரும்பிப் பார்க்கச் சிரித்தேன்.

“ஓம், தெரியும்,” என்றார். “ஃபைனலுக்கு முன்னமே ரெண்டு டீமுக்கும் ‘சாம்பியன்’ எண்டு பனியன் அடிச்சு வைப்பினம். தோத்த டீமின்ர விக்காது. அதைத்தான் அகதி முகாமில எங்களுக்குத் தந்தவை. உடுத்த உடுப்போட போனனான் தம்பி, அப்ப இதுதான் என்ர மாத்து உடுப்பு. அந்த டீமை இண்டைக்குத்தான் முதன்முதலாப் பாக்கப் போறன்.”

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன். சிரித்ததைவிட அதுதான் கேவலம்.