அம்மாவின் பையில் ஒரு ஸ்பூன்

அன்று மதியம் வீட்டில் இருந்தவர்கள் அப்பாவும் அக்காவும். இல்லாதவர்கள் நானும் அம்மாவும். நான் இல்லாதது புதிதல்ல. அம்மா இல்லாதது ஏழு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

பீங்கான் சூளையில் வேலை பார்த்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. எது வேண்டுமென்றாலும், சூளையில் கழித்துப்போட்ட கோணல் கோப்பையை இடது கையால் ஸ்பூனை வைத்துத் தட்டுவார். ‘டிங்’. அம்மா "தோ வந்துட்டேங்க" என்று ஓடுவாள். ராத்திரி பகல் கிடையாது.

முந்தின வாரம் குழாயடியில் அம்மா மயங்கி விழுந்தாள். "இப்படியே போனா ரெண்டு கட்டில் போடணும்" என்றார் டாக்டர். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். பயத்தில் எனக்குத் தெரிந்தது அட்டவணை போடுவதுதான். ‘வியாழன், இரண்டு முதல் ஐந்து வரை அம்மாவுக்கு ஓய்வு’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

"என்னாடா இது, கரண்டு நிறுத்துற நேரமா?" என்றாள் அம்மா.

"எங்க போவணும், சொல்லும்மா."

"பஸ்ஸுல ஜன்னலோரமா குந்திக்கினு மங்கலம்பேட்ட வரைக்கும் போயிட்டு வரணும். ஆனா அவரு தட்டினா?"

அக்கா இருக்கிறாள் என்று எத்தனை சொல்லியும் அசையவில்லை. கடைசியில் அப்பாவே ஸ்பூனை எடுத்து அம்மாவின் பைக்குள் போட்டார். "போ" என்றார்.

பஸ்ஸில் அம்மா காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு, பார்த்த ஆட்டையெல்லாம் எனக்குக் காட்டினாள். மங்கலம்பேட்டையில் டீ வாங்கி உட்கார்ந்தோம். இரண்டு வாய் குடித்திருப்பாள். மாஸ்டர் அடுத்த கிளாஸில் சர்க்கரையைக் கலக்கினார். டிங்.

"தோ வந்துட்டேங்க!"

கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது. அம்மா அதற்குள் ரோட்டுக்கே போய்விட்டாள்.

"யக்கா, நாங்கதான் டீ கொண்டாந்து தருவோம். நீங்க எங்க ஓடுறீங்க?" என்றார் மாஸ்டர்.

அம்மா பையைத் துழாவி ஸ்பூனை வெளியே எடுத்தாள். "அடப்பாவி, ஸ்பூனு எங்கிட்டல்ல இருக்குது!"

அப்புறம் சிரித்தாள் பாருங்கள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. சிரிப்பு நிற்கும்போல் இருந்தபோது மாஸ்டர் வேண்டுமென்றே இன்னொரு டிங் தட்டினார். "சும்மா இருய்யா, வயிறு வலிக்குது!"

ஐந்து மணிக்கு வீட்டில் அத்தனையும் நடித்துக் காட்டினாள். அப்பாவின் பாதி உதடு சிரித்தது. ஸ்பூனை வாங்கிக்கொண்டவர், அதாலேயே சுவரில் இருந்த ‘வியாழன்’ பக்கம் காட்டினார்.

"போறேன், போறேன்" என்றாள் அம்மா.

பெண்களுக்கு இலவசம் என்பதால் அம்மாவுக்கு பஸ்ஸில் டிக்கெட் செலவில்லை. எனக்குப் போக வர முப்பது. கொட்டினதையும் சேர்த்து மூன்று டீ முப்பத்தாறு. உடைந்த கிளாஸுக்கு இருபது. ஆக எண்பத்தாறு ரூபாய்.