ஆட்சேபணை இல்லை என்று ஒரு வரி

நேற்று மீன் வாங்கப் போன இடத்திலும் கேட்டுவிட்டார்கள்.

"வீட்டுல அக்கா ஊர்ல இல்லையாமே... அப்ப யாரு ஆக்கித் தாரா?"

நான்தான் என்றேன். மீன்கார அம்மா நம்பவில்லை. பாவம் என்று இரண்டு மீன் கூடவே போட்டார்!

ஜெசி, அதாவது என் மனைவி, லிஸ்பனில் இருக்கிறாள். ஆறு மாசம். இங்கே நம் ஊரில் ஒரு காலேஜில் சரித்திரம் நடத்துகிறவள். நாற்பத்திரண்டு வயதில் பிஎச்.டி. நம் கடற்கரையில் முத்துக் குளித்தவர்களைப் பற்றி போர்ச்சுகீஸ்காரர்கள் எழுதிய கடிதங்கள் அங்கே ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படிப்பதற்காகவே இரண்டு வருஷம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த பாஷையைக் கற்றுக்கொண்டாள். ஃபெலோஷிப் கிடைத்தது. டிக்கெட், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

கிளம்புவதற்கு முன் காலேஜிலிருந்து ஒரு லீவ் அனுமதிக் கடிதம் மட்டும் வேண்டியிருந்தது. திங்கட்கிழமை சென்னையில் விசா அப்பாயின்ட்மென்ட். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை கடிதம் வரவில்லை. அந்தத் தேதி தவறினால் ஃபெலோஷிப்பே போய்விடும்.

ஜெசியை பைக்கில் காலேஜுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் அவளைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க சார். ஃபைல் ரெடி. உங்க லெட்டர் ஒண்ணுதான் பாக்கி."

"என் லெட்டரா?"

"மேடம் வெளிநாடு போறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வரி..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் தெருவில் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! ஏறினால் ஒன்பது மாசம். எந்தக் கம்பெனியாவது பெண்டாட்டியிடம் எழுதி வாங்கி வரச் சொன்னதுண்டா?

இவ்வளவும் மனசுக்குள்தான். கை என்ன செய்தது? சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தது.

ஜெசி அதைப் பிடுங்கித் தன் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டாள்.

"எழுதாதீங்க."

"ஏளா, ஒரு வரிதானே? முடிஞ்சிருமே..."

"இன்னைக்கு நீங்க எழுதுனா, நாளைக்குப் போற ஒவ்வொருத்தியும் வாங்கிட்டு வரணும். எழுதித் தரமாட்டேங்கிற புருஷன் வாய்ச்சவ என்ன செய்வா?"

பிறகு அவரிடம் திரும்பினாள். "சார், ரூல் இருந்தா காட்டுங்க. நான் இருக்கேன்."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பீரோவைத் திறந்தார். ஃபைல்களைப் புரட்டினார். யாருக்கோ போன் போட்டார். எனக்கு மனசெல்லாம் திங்கட்கிழமை, திங்கட்கிழமை!

"வழக்கமா வாங்குதோம் மேடம்," என்றார் கடைசியில்.

"யாருகிட்ட? போன வருஷம் ஃபிசிக்ஸ் சார் சிங்கப்பூர் போனாங்களே, அவங்க வீட்டம்மாகிட்ட வாங்குனீங்களா?"

அவர் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனார். நான்கு மணிக்குக் கடிதம் கையெழுத்தாகி வந்தது.

திரும்பும் வழியெல்லாம் அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன். பின்னாலிருந்து ஜெசி கேட்டாள்.

"அவரு ரூல்னு நெனச்சுக் கேட்டாரு. நீங்க எதுக்குப் பேனாவ எடுத்தீங்க?"

அவசரத்துக்கு என்று சொல்லப் பார்த்தேன். ஆனால் அது முழு உண்மை இல்லை. மனைவிக்கு அனுமதி கொடுக்கிற இடத்தில் நம்மை உட்கார வைத்தால், நாற்காலி கொஞ்சம் சுகமாகத்தான் இருக்கிறது. ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

விசா வந்தது. போய்விட்டாள். காப்பகத்தில் எடுத்த முதல் கடிதத்தில் பாதிப் பக்கம் படிக்கவே மூன்று நாள் ஆனதாம். போனில் அதைச் சொல்லும்போது அவள் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

போன வாரம் அதே காலேஜில் இன்னொரு டீச்சரம்மா மலேசியா போக லீவ் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரரிடம் லெட்டர் கேட்கவில்லையாம். "வீட்டுல சொல்லிட்டுத்தானே போறீங்க?" என்று வாயால் கேட்டதோடு விட்டுவிட்டாராம் சூப்பிரண்டெண்ட்.

எழுத்திலிருந்து பேச்சுக்கு வந்திருக்கிறார். முன்னேற்றம்தான்!