மாலையில் விடுவிக்கப்பட்டனர்

எங்கள் ஊர்ப் பக்கம் செய்தித்தாளில் அடிக்கடி வரும் ஒரு வரி உண்டு. ‘மறியலில் ஈடுபட்டவர்கள் கைது செய்யப்பட்டு மாலையில் விடுவிக்கப்பட்டனர்.’ ஆற்றில் தண்ணீர் திறக்கச் சொல்லி மறியல், கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கச் சொல்லி மறியல், பஸ் நிற்காமல் போனதற்கு மறியல். எதற்காக இருந்தாலும் செய்தி இந்த வரியில்தான் முடியும். போலீஸ் வண்டி வரும். கோஷம் போட்டுக்கொண்டே ஏறுவோம். பக்கத்தில் காலியாக இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் இறக்குவார்கள். மதியம் சாம்பார் சாதப் பொட்டலம் வரும். ஃபேனுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்து எழுந்தால் டீ. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். டெல்டாக்காரன் எவனும் இதைக் கைது என்று நினைத்துப் பயந்ததில்லை. வண்டியில் இடமில்லாமல் பின்னாலேயே ஓடி வந்து தொற்றிக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஏறாவிட்டால் மறுநாள் பேப்பர் போட்டோவில் தலை இருக்காதே!

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், இதில் பழம் தின்று கொட்டை போட்டவர். எந்த மண்டபத்தில் ஃபேன் ஓடும், எந்த இன்ஸ்பெக்டர் டீயோடு வடையும் வாங்கிக் கொடுப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட மனிதரை வளைகுடாவில், ருவைஸ் பக்கம் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கே சொல்லிக் கூட்டி வந்திருந்தேன். சாரம் கட்டும் வேலை. ஒரே கேம்ப், ஒரே ரூம். நான் மேல் கட்டில், அவர் கீழ்க் கட்டில். மறியலே இல்லாத நாட்டில் அவர் எப்படித்தான் காலம் தள்ளினாரோ!

ஒரு நாள் மெஸ்ஸில் சாப்பிடும்போது டிவியில் ரஷ்யாவில் நடந்த ஏதோ ஆர்ப்பாட்டத்தைக் காட்டினார்கள். பனி கொட்டுகிறது. ஹெல்மெட் போட்ட போலீஸ்காரர்கள் ஒரு பெண்ணைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். மெஸ்ஸே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. மச்சான் மட்டும் ரொட்டியைப் பிய்த்தபடியே விமர்சனம் செய்தார்.

“என்ன மாப்ள இது, தூக்கிட்டுப் போறானுவ? நாமளே போயி ஏறிக்கிட்டா ரெண்டு பேருக்கும் வேல மிச்சம்ல?”

சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனோம்.

அந்தக் கோடையில் எங்கள் பிளாக்கில் ஏசி படுத்துவிட்டது. ருவைஸ் கோடையைப் பற்றி ஊரில் சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள். குழாயைத் திறந்தால் வெந்நீர். ரூமுக்குள் பத்து பேர். ஒரு வாரத்துக்கு மேல் கேம்ப் பாஸிடம் சொல்லிக்கொண்டே இருந்தோம். “நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்” என்பதையே அவர் விதவிதமான குரல்களில் சொன்னார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அவரைக் கூட்டி வந்து ஒரு ராத்திரி என் மேல் கட்டிலில் கட்டிப்போட்டிருப்பேன்.

ஆனால் என் தலைக்குள் ஓடியது வேறு விஷயம். அந்த வியாழக்கிழமை மச்சான் லீவில் ஊருக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் காது குத்து. எனக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் பரவாயில்லை, காது குத்தில் அப்பனுக்கு என்ன வேலை, ஓரமாக நின்று பல்லைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைத்துக் குத்துவார்கள். என் மகளுக்கு இருப்பது ஒரே மாமன். அவர் வாங்கிய தோடு டிரங்குப் பெட்டிக்குள் தயாராக இருந்தது. பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. “அண்ணன பத்தரமா பிளைட் ஏத்தி வுடுங்க” என்று மனைவி தினமும் போனில் சொல்வாள், ஏதோ அவர் ஆறு வயசுப் பிள்ளை மாதிரி. அவள் சொன்னதில் தப்பே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் எங்கள் பிளாக் முழுக்க டூட்டி பஸ்ஸில் ஏறாமல் கேட் முன்னால் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. தூங்காத மனிதர்களுக்குத் தலைவர் எதற்கு? வங்காளிகள், நேபாளிகள், பாகிஸ்தானிகள், நாங்கள் பத்துப் பதினைந்து தமிழர்கள். நான் மச்சானை என் பக்கத்திலேயே, கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தேன்.

போலீஸ் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதட்டல்கூட இல்லை. ஒரு அதிகாரி இறங்கி நின்று பேசினார். எங்கள் பஸ் டிரைவரான பட்டான் அதை ஹிந்தியில் சொன்னார்.

“பாய், ஏசி சரி பண்ணச் சொல்லியாச்சு. கலாஸ், முடிஞ்சுது. எல்லாரும் ரூமுக்குப் போங்க. யல்லா, ஜல்தி.”

வங்காளிகள் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு ரூமைப் பார்க்க நடந்தார்கள். நேபாளிகளும் எழுந்தார்கள். அந்த நேரம் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று வரவழைத்திருந்த போலீஸ் பஸ் ஒன்று மெதுவாக வந்து நின்றது. கதவு திறந்தது.

அதைப் பார்த்ததும் மச்சான் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். கையை உயர்த்தி, “வேண்டும் வேண்டும், ஏசி வேண்டும்!” என்று ஒரு குரல் கொடுத்தார். கொடுத்துவிட்டு நேராக பஸ்ஸைப் பார்த்து நடந்தார். அவ்வளவுதான், எங்கள் ஆட்கள் எட்டு பேர் வரிசையாக அவர் பின்னால். எல்லாரும் டெல்டா! கதவருகே நின்ற போலீஸ்காரர் ஒன்றும் புரியாமல் ஒதுங்கி வழிவிட்டார். கைது வண்டியில் தானாக ஏறும் கூட்டத்தை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

“மச்சான், எறங்குங்க! இது நம்மூரு இல்ல மச்சான்!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர் ஜன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்து எனக்கும் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். கையைப் பிடித்து இழுக்க நான் உள்ளே ஏறிய நேரம், கதவு மூடிக்கொண்டது.

ஸ்டேஷனில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ஹாலில் உட்கார வைத்தார்கள். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் சுவரில் சாய்ந்த மாத்திரத்தில் குறட்டை. மதியம் பிரியாணி வேறு வந்தது. மச்சான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“மண்டபத்த விட மேல் மாப்ள.”

எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது. மனைவியின் அண்ணன் ஆயிற்றே, பிரியாணியோடு சேர்த்து விழுங்கினேன்.

சாயங்காலம் ஆனது. மச்சான் முகம் கழுவி, கையாலேயே தலையை வாரி, சட்டையை இழுத்துவிட்டுத் தயாராக நின்றார். கதவு திறக்கவில்லை. டீயும் வரவில்லை. ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிச் சிவந்து போயே விட்டது. அவர் நின்றவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் முழங்கையைப் பிடித்தார்.

“மாப்ள, வுட மாட்டானுவளா?”

அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. அதுவரை இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம்தான் மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மணையில் யார் உட்காருவார்கள் என்று நினைத்தேன். எல்லாரையும் மொத்தமாக ஊருக்கு அனுப்பிவிட்டால் இரண்டு குடும்பமும் என்ன செய்யும் என்றும் நினைத்தேன்.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அதிகாரிக்குப் பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு மலையாளி. என்னிடம் ஒரே கேள்வி: ரூமுக்குப் போகச் சொல்லியும் ஏன் பஸ்ஸில் ஏறினீர்கள்? யாரும் ஏறச் சொல்லவில்லை என்றேன். மண்டபத்தைப் பற்றிச் சொன்னேன். சாம்பார் சாதத்தைச் சொன்னேன். மலையாளிக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு அரபியில் சொன்னார். அதிகாரி என்னையே பார்த்தார். திருப்பி ஏதோ கேட்டார்.

“சாப்பாடும் போலீஸ்தான் கொடுக்குமா என்று கேட்கிறார்.”

“ஆமா சார். டீயும்.”

அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டார். ‘சரி போ’ என்பது போலக் கையை ஆட்டினார். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

மச்சான் உள்ளே போனார். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நாந்தான் ஏறச் சொன்னேன்னு சொல்லிட்டேன் மாப்ள.”

“ஏன் மச்சான்? யாருமே சொல்லலன்னு நான் அங்க சொல்லிட்டு வந்திருக்கேன்!”

“யாரோ ஒருத்தர் பொறுப்புன்னு எழுதியாவணுமாம். இல்லாட்டி ஏறுன அத்தன பேருக்கும் விசா கேன்சலாம். அந்த மலையாளி நல்ல மனுசன், வெவரமா சொன்னாரு.” துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். “நம்ம ரெண்டு பேருல ஒருத்தராவது இங்க இருக்கணும் மாப்ள. பொம்பளப் புள்ளயப் பெத்து வச்சிருக்கீங்க.”

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். “லீடருன்னே எழுதிட்டாரு” என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

மறுநாள் காலை எங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பிளாக்கில் புது ஏசி மாட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சானைக் கம்பெனி செக்யூரிட்டி ஒருவர் கூடவே இருந்து பெட்டி கட்ட வைத்தார். வியாழக்கிழமை டிக்கெட் அப்படியே இருந்தது. திரும்பி வரும் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிட்டார்கள். இனி இந்த நாட்டுக்குள் அவர் வர முடியாது. தோட்டை உள் பாக்கெட்டில் வைத்து ஊக்குக் குத்திக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“காது குத்து முடியிற வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க மாப்ள. நல்ல காரியம்.”

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் எல்லாம் பார்த்தேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் மகள் மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி காதைத் தொட்டதும் வீறிட்டாள். அவளை விட மச்சான் அதிகமாக அழுதார். தோள் குலுங்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். சுற்றி நின்ற சனம் மொத்தமும், ‘மாமனப் பாருடி’ என்று கைகொட்டிச் சிரித்தது.

பந்தி நடக்கும்போது மனைவி போனை எடுத்துக்கொண்டு ஓரமாக வந்தாள். “அண்ணன் என்னமோ மாதிரி இருக்குங்க. புள்ளய எறக்கியே வுட மாட்டேங்குது. அதுக்குத் திரும்ப எப்ப டிக்கெட்டு?”

சொன்னேன். பஸ், மண்டபம், கையெழுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யாருக்காக ஒத்துக்கொண்டார் என்பதையும் சொன்னேன். போன் ஆடியது, தரை தெரிந்தது, யார் யாருடைய கால்களோ தெரிந்தன, பிறகு மச்சான் முகம் வந்தது. மகள் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். போனைப் பிடித்திருந்த தங்கச்சிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியாது. பந்தியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

“மாப்ள! அடுத்த மாசம் ரூமுல பாப்போம். என் கட்டில எவனுக்கும் குடுத்துடாதீங்க!”

போனுக்குப் பின்னால் அவள் விம்முவது எனக்குக் கேட்டது.

“சரி மச்சான்” என்றேன். அந்தக் கட்டிலுக்குச் சனிக்கிழமையே ஒரு நேபாளி வந்துவிட்டிருந்தான். நான் பேசி முடிக்கட்டும் என்று எழுந்து வெளியே போய் நின்றான்.