அஞ்சலைக்கு ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் லுக்குட் ரப்பர் எஸ்டேட்டில் இருபது வயதுப் பெண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனால் யாரும் வாய்க்குச் சர்க்கரை போட வரமாட்டார்கள். வயிற்றில் பிள்ளை இல்லை, வெறும் மரவள்ளிக்கிழங்கு. சோறு கண்டு மாதக்கணக்காகி, கூலி லயத்துப் பெண்களில் பாதிப்பேருக்கு உடம்பு வற்றியிருந்தது. அந்த நேரத்தில்தான் ஐம்பதைத் தாண்டிய அஞ்சலையக்கா, எஸ்டேட் ஆஸ்பத்திரி ஆயாவான என்னிடம் வந்து பழந்துணி கேட்டாள். நின்று ஆறு வருஷமானது திரும்ப வந்துவிட்டதாம். முகத்தில் அப்படி ஒரு பெருமை!

"கொமரிங்க காஞ்சு கெடக்கோம், கெழவி சடங்காயிட்டா!" என்று பெண்கள் குழாயடியில் அவளுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஒரு செம்பு ஊற்றினேன். வெட்கங்கெட்ட ஜென்மம் நான்! சண்டைக்கு முன்பு சிரம்பான் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நின்ற பிறகு வரும் ரத்தம் நல்லதல்ல, புற்றாக இருக்கலாம். கருப்பை வாயில் அயோடின் தடவினால் நல்ல சதை பழுப்பேறும், கெட்ட இடம் வெளுத்தே இருக்கும். கடல் தாண்டி ஊரில் என் நாத்தனார் இதே ரத்தத்தோடு மாட்டுக்கொட்டகையில் கிடந்து செத்தாள். பேய் பிடித்தவள் என்றோம். அங்கே மூடிவைத்துச் சாகடித்தோம், இங்கே சிரித்துச் சாகடிக்கப் பார்த்தோம்.

அயோடின் கேட்டு, மருந்து கொடுக்கும் டிரசரிடம் போனேன். டாக்டர் இல்லாத எஸ்டேட்டில் மருந்தலமாரிச் சாவி வைத்திருப்பவன்தான் டாக்டர். அந்தச் சாவியைத் தவிர அவனுக்கு வேறு படிப்பு கிடையாது.

"ரத்தம் ஊறுதுன்னா ஒடம்பு நல்லாருக்கு லா. பால்மரம் வெட்ட அனுப்பு. அயோடின் ஜப்பான் தொரை கால்கட்டவெரல் புண்ணுக்கு."

"அவன் கட்டவெரலுக்குள்ள மரியாதி இவ கர்ப்பப்பைக்குக் கெடையாதா?"

அவன் அலமாரியைப் பூட்டினான். அந்தக் கட்டைவிரலுக்குக் கட்டுப் போடுகிறவளும் நான்தான். மத்தியானம் கட்டுப் போட்ட கையோடு கொஞ்சம் அயோடினைத் தனியே ஊற்றிக்கொண்டேன். திருட்டுத்தான், போ!

உள்ளே விரித்துப் பார்க்க இரண்டு கரண்டிகளை வளைத்துக் கொதிநீரில் போட்டெடுத்து, சன்னல் வெளிச்சத்தில் அவளைப் படுக்கவைத்தேன்.

"சீ, என்னா அசிங்கம் ஆயா!"

"சும்மா கெட யக்கா. செத்துப்போனா மட்டும் அழகா?"

அயோடின் தடவியதும் எல்லா இடமும் பழுப்பேறியது. ஓரத்தில் நகமளவு மட்டும் வெளுத்து நின்றது.

மறுநாள் காய்கறி லாரியில் சிரம்பானுக்கு ஏறினோம். ஆஸ்பத்திரி வாசலில் ஜப்பான் சிப்பாய், அரிசி கேட்டு வந்தவர்கள் என்று விரட்டினான். அவள் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினேன். பிரசவம் என்று எண்ணிக்கொண்டு, அவளுடைய நரைத்த தலையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தபடி உள்ளே விட்டான். சிரித்துத் தொலையட்டும்! சீன டாக்டர் சோதித்துவிட்டு, "கெச்சில் லா," என்றார். கெட்ட இடம் இன்னும் சின்னதுதான் என்கிறார். கர்ப்பப்பையை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதைத்தார்கள். அஞ்சலையக்கா பிழைத்துக்கொண்டாள்.

சண்டை முடிந்ததும் டிரசர் ஊருக்குப் போகும் முதல் கப்பலில் ஏறிவிட்டான். அங்கே வீட்டு வாசலில் டாக்டர் என்று பலகை மாட்டியிருக்கிறானாம். ஊரில் இதை வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டுப் பெண்களை அவனிடம் அனுப்பாதீர்கள். அஞ்சலையக்காவுக்கு ஊரில் ஒரே மகன். அம்மாவை வரச்சொல்லி அவன் எழுதிய கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"புள்ள அங்க இருக்கான். அவன் இருந்த எடம் சிரம்பான் மண்ணுல கெடக்கு. நான் எங்கன்னு போவேன், ஆயா?"